யாருக்காவது உறவு உண்டா?

நான் ரகளை செய்தேன் என்று சொல்கிறார்கள். ஆமாம், செய்தேன். இன்றைக்கு அதே அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் செய்வேன்.

சட்டக் கல்லூரியில் என்னிடம் படித்துவிட்டு இப்போது அங்கேயே பாடம் நடத்தும் பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, விண்ணப்பித்தவர் படித்த பள்ளிக்கு இனிமேல் கம்ப்யூட்டரே புள்ளி போடப் போகிறதாம். பேர்பெற்ற பள்ளி என்றால் கூடுதல் புள்ளி. “மனுசங்க போட்டாத்தானே டீச்சர் பாரபட்சம், மெஷின் போட்டா சரியாப் போயிருமில்ல?” என்று கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “எது நல்ல பள்ளிக்கூடம்னு அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு கண்ணு? வானத்துல இருந்தா எறங்குச்சு?” என்றேன். அவள் மெதுவாக, “நீங்க ஒரு தடவை இன்டர்வியூவையே நிறுத்திட்டீங்களாமே, அதை எழுதிக் குடுங்க. ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க” என்றாள்.

அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி, பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் வயலும் இருந்தன. பத்தாவது வரை ஊருக்குப் பக்கத்திலேயே தமிழ் மீடியம். அப்புறம் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி தினமும் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போய் டிகிரி. சட்டம் படிக்க மறுபடி கேரளப் பக்கம். சித்தூர் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சில காலம் கேஸ் கட்டுத் தூக்கினேன். வாதாடுவதைவிட வாதாடச் சொல்லிக் கொடுப்பது எனக்கு ஒத்துவந்தது. கல்லூரியில் சேர்ந்து ஒப்பந்தச் சட்டம் நடத்த ஆரம்பித்தேன், ஓய்வு பெறும்வரை அதைத்தான் நடத்தினேன்.

எங்கள் கல்லூரி பாலக்காட்டில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற தனியார் கல்லூரி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தமிழ் வியாபாரி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மாணவருக்கு ஆண்டுதோறும் படிப்புச் செலவு முழுவதும், விடுதிச் செலவு உட்பட, தர வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். நுழைவுத் தேர்வில் தேறி, எங்கள் கல்லூரியில் இடமும் கிடைத்தவர்களை அழைத்து நேர்காணல் நடத்தி, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். மற்றவர்கள் பணம் கட்டிச் சேரலாம், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

யார் வாங்கினார்கள் அந்த உதவித்தொகையை? எங்கள் ஆட்கள்தான். கிழக்குப் பாலக்காட்டில் தோப்பும் துரவும் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மலைமேல் இருக்கும் ஒரு பெரிய ஆங்கில உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு, தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் வியர்த்துப்போகிற பிள்ளைகள். அந்தப் பள்ளியின் பெயரை எழுத மாட்டேன். எங்கள் கல்லூரியில் அதை ‘அந்த ஸ்கூல்’ என்று சொன்னாலே எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் தாளில் ‘கல்விப் பின்புலம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த ஸ்கூல் பிள்ளைகளுக்கு அதில் முழுசாக விழும். அதே தமிழ் பேசும் இடுக்கித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எப்போதாவது வருவார்கள். அவர்கள் படித்த பள்ளியிலிருந்து முன்பு யாரும் வந்ததில்லை என்பதால் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் வருவதும் கிடையாது. சாதி என்ற சொல்லை அந்த அறையில் ஒருவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. பின்புலம் என்று சொல்லிக்கொள்வோம், கௌரவமாக இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டதால் எங்கள் பிரின்சிபால் மாதவன் சாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் போல் விதிமுறையைக் கட்டிக்கொண்டு அழுத மனிதரை நான் பார்த்ததில்லை. மலையாளத்தில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். மை ஊற்றுகிற பேனா வைத்திருந்தார். எழுதி முடித்த ஒவ்வொரு முறையும் மூடியைத் திருகி மூடுவார், அடுத்த மதிப்பெண் எழுத மறுபடி திறப்பார். அவசரம் என்று யாராவது வந்து நின்றால் இன்னும் மெதுவாகத் திருகுவார்.

நேர்காணல் தொடங்குமுன் அவர் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. விண்ணப்பித்தவர்களின் பெயர்களையும் பள்ளிகளையும் நின்றுகொண்டு வாசிப்பார். பிறகு குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, “இதில் உங்களுக்கு உறவு உண்டா?” என்று கேட்பார். கடைசியில் தன்னையே கேட்டுக்கொள்வார். “மாதவன், உனக்கு உறவு உண்டா?” சற்று யோசித்து, “இல்லை” என்று தானே பதிலும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள். உறவு உண்டு என்று சொன்னவர் அந்தப் பிள்ளை உள்ளே வரும்போதும், முடிவெடுக்கும்போதும் வெளியே போய்விட வேண்டும். ஒரு வருடம் அவருடைய டிரைவரின் மகன் விண்ணப்பித்திருந்தான். “அவன் அப்பன் ஓட்டுற கார்ல உட்கார்றவன் நான், அதுவும் உறவுதான்” என்று பிரின்சிபாலே எழுந்து வராந்தாவில் போய் நின்றார்.

நான் சொல்லப்போகிற வருடம் என் தம்பி தங்கவேலின் மகள் வர்ஷா விண்ணப்பித்திருந்தாள். அந்த ஸ்கூலில் படித்தவள். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு தம்பி இளநீர்க் குலையோடு வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, பாப்பா பேரு லிஸ்ட்டுல இருக்குதில்ல?”

“இருக்குது. ஆனா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன் தங்கவேலு. என்னைய நம்பி வராதே.”

அவன் சிரித்தான். “நீ எந்திரிச்சுப் போனாப் போதும்க்கா. உள்ள இருக்கறவங்க பாத்துக்குவாங்க.”

எனக்குப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. “பணங் கட்டிப் படிக்க வக்க உனக்கு வக்கில்லையா? தோப்பு இருக்குது, ஊடு இருக்குது. தோட்டத்துப் புள்ளைங்க வருதுக, அதுகளுக்கு விட்டுக் குடுத்தா என்ன?”

“ஏனக்கா, நீ என்ன பேசற? தமிழ்க்காரங்களுக்குன்னு வச்சது நம்ம சனத்துக்கு வச்சது. காலங்காலமா நாமதான வாங்கறோம்? மலையில கூலிக்கு வந்து சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கும் நமக்கும் ஒரே தராசா?”

“அவங்க பேசறது தமிழில்லாம தெலுங்கா?” என்றேன். அவன் இளநீர்க் குலையை வைத்துவிட்டுப் போனான். நான் அதை வெட்டவே இல்லை.

நேர்காணல் அன்று குழுவில் ஐந்து பேர். மாதவன் சார், டிரஸ்ட்டின் பிரதிநிதி, வைஸ் பிரின்சிபால், வெளியாளாக ஓய்வுபெற்ற ஒரு முன்சீப், அப்புறம் நான். பட்டியல் வாசிக்கப்பட்டது. என் முறை வந்ததும், “எனக்கு உறவு உண்டு. வர்ஷா என் தம்பி பொண்ணு” என்றேன். மற்ற எல்லோரும் “இல்லை.” மாதவன் சார் தன்னைக் கேட்டுக்கொண்டார். “இல்லை.” உட்கார்ந்தார்.

வர்ஷாவுக்கு முன்னால் அழைக்கப்பட்டவள் ஜெபக்கனி. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள். ஒல்லியான பெண், பளபளவென்று இஸ்திரி போட்ட, தனக்குப் பெரிதான சுடிதார். அவளுடைய நுழைவுத் தேர்வு ரேங்க்கும் வர்ஷாவின் ரேங்க்கும் அடுத்தடுத்து இருந்தன. எனவே எல்லாமே நேர்காணலில்தான் இருந்தது.

டிரஸ்ட் பிரதிநிதி விண்ணப்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இப்படி ஒரு ஸ்கூலா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“எஸ்டேட் மேல் டிவிஷன்ல இருக்கு சார். பஸ் வராது. அதான் கேள்விப்பட்டிருக்க மாட்டீக” என்றாள் அவள், கிண்டல் துளியும் இல்லாமல். முன்சீப் களுக்கென்று சிரித்துவிட்டார்.

மாதவன் சார் பேனாவைத் திறந்தார். “பன்னிரண்டாவது முடிச்சு ஒரு வருஷம் இடைவெளி இருக்கே. என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?”

“கொழுந்தெடுத்தேன் சார்.”

“தேயிலையா? ஏன்?”

“அம்மாவுக்கு இடுப்பு போயிருச்சு சார், வேலையில இருந்து நின்னுட்டாக. எங்க எஸ்டேட்ல வீட்ல ஒருத்தராவது வேலைக்குப் பேர் போட்டிருந்தாத்தான் லயத்துல, அதான் லைன் வீட்ல, ரூம்பு. இல்லன்னா காலி பண்ணணும். எங்களுக்கு அந்த ஒரு ரூம்புதான் சார். அதான் நான் பேர் போட்டேன்.”

“அந்த ஒரு வருஷம் படிப்பே இல்லை?”

“பகல்ல கொழுந்து, சாயங்காலம் படிப்பு. அந்த வருசந்தான் சார் நுழைவுத் தேர்வு எழுதுனேன்.”

வைஸ் பிரின்சிபால் முன்னால் குனிந்தார். “நீ இங்க வந்துட்டா உன் பேர் அங்க போயிருமில்ல? அப்ப அந்த ரூம்?”

அந்தப் பெண் முதல் முறையாகத் தரையைப் பார்த்தாள். “போயிரும் சார்.”

“நாளைக்கு அம்மா அழுதுட்டுக் கூப்பிட்டா நீ பாதியில ஓடிருவே. ஸ்காலர்ஷிப் வீணாப் போகும்.”

“ஓட மாட்டேன் சார்” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன ஆதாரம் காட்டுவாள் பாவம்?

அவள் வெளியே போனதும் மாதவன் சார் எண்களை எழுதினார். பின்புலத்துக்கு அடிமட்டம். குறிப்பு என்ற இடத்தில், படிப்பில் தொடர்ச்சியில்லை, ஓராண்டு இடைவெளி என்று எழுதிவிட்டு மூடியைத் திருகினார். என்னுடைய தாளில் நான் போட்ட எண் வேறு. ஐந்தில் ஒன்று என்ன செய்யும்? அடுத்து வர்ஷா. நான் டீ கிளாசை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. கண்ணாடிப் பலகைகள் திறந்தே கிடந்தன. ஒட்டுக் கேட்டேனா என்றால், காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

“எந்த ஸ்கூல்னு கேட்க வேண்டியதே இல்லை” என்று டிரஸ்ட் பிரதிநிதி சொல்ல, உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் அந்தப் பழைய பிரேயர் ஹாலில் மணி அடிக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மாதவன் சார்தான். நான் அதுவரை அவர் குரலில் அப்படி ஒரு குழைவைக் கேட்டதில்லை. பிறகு கேள்வி வந்தது. “ஒரு வருஷம் இடைவெளி இருக்கே?”

“கோச்சிங் போனேன் சார். திருச்சூர்ல ஹாஸ்டல்ல இருந்து.”

“ஒரு வருஷம் முழுக்க இதுக்கே ஒதுக்கியிருக்கா பாருங்க” என்றார் வைஸ் பிரின்சிபால். “இதுதான் ஈடுபாடு.”

கையில் இருந்த டீ ஆறிப்போனது. இரண்டு பெண்களுக்கும் அதே ஒரு வருடம். அப்பன் காசில் சோறு தின்றுவிட்டுப் படித்தவளுக்கு அது ஈடுபாடு. குடும்பத்தின் தலைக்கு மேல் கூரை நிற்கத் தேயிலைக் காட்டில் நின்றுவிட்டு வந்து, அதே பரீட்சையில் அதே அளவு தேறினவளுக்கு அது ஓட்டை. இதைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் நேர்மையா? உள்ளே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தம்பி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாக ஏறியது.

வர்ஷா வெளியே வந்தாள். “நல்லாப் பண்ணினேனுங்க அத்தை” என்றாள். அவள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. “சரி கண்ணு, போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“டீச்சர், முடிவெடுக்கிற நேரம். நீங்க வெளியே இருக்கணும்” என்றார் மாதவன் சார்.

“இருக்கறேன் சார். அதுக்கு முன்னால லிஸ்ட்டை இன்னொரு தடவை வாசிச்சு, காலையில கேட்ட கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க.”

“எதுக்கு?”

“காலையில இந்த ரூம்ல உண்மை சொன்னது நான் ஒருத்திதான்.”

டிரஸ்ட் பிரதிநிதி மேசையைத் தட்டினார். “என்ன பேச்சு இது? எங்களுக்கு யாரும் சொந்தம் இல்லை!”

“நீங்க அந்த ஸ்கூல் நிர்வாகக் குழுவுல இருக்கீங்க” என்றேன். வைஸ் பிரின்சிபாலைப் பார்த்தேன். “உங்க பையன் அங்க ஒன்பதாவது படிக்கிறான். மாதவன் சார் அங்க படிச்சவர், வருஷா வருஷம் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போறவர். என் தம்பி பொண்ணுக்கு நான் அத்தை, வெளிய போயிட்டேன். நீங்க மூணு பேரும் அவளுக்கு என்னைவிட நெருக்கம். வேலிக்கு ஓணான் சாட்சி சொல்ற மாதிரி உக்காந்து மார்க் போடறீங்களே, இது அடுக்குமா?”

“ஸ்கூல் எல்லாம் உறவாகுமா? பைத்தியக்காரத்தனம்!” என்றார் டிரஸ்ட் பிரதிநிதி. “தோட்டத்து ஆளுங்களுக்காக நீங்க ஏன் இப்படிக் குதிக்கிறீங்க? உங்க ஆட்கள் பூர்வீகமா நிலம் வச்சிருக்கறவங்க. அவங்க பிழைக்க வந்தவங்க.”

“அவங்க நட்ட தேயிலையைத்தான் காலையில இருந்து குடிச்சுட்டிருக்கோம்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வெளியே பியூன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். ரகளை என்று இன்றுவரை பேசப்படுவது இதுதான். “டிரைவரோட பையனுக்கு எந்திரிச்சுப் போன பிரின்சிபால் இவர். கார்ல உட்கார்றது உறவுன்னா, ஒரே பிரேயர் ஹால்ல உட்கார்ந்தது உறவில்லையா சார்? நீங்களே உங்களைக் கேளுங்க. பதில் என்னவா இருந்தாலும் நான் இந்தக் கதவைச் சாத்திட்டுப் போயிடறேன்.”

மாதவன் சார் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார். பட்டியலை முதலிலிருந்து வாசித்தார், பெயர், பள்ளி, பெயர், பள்ளி என்று. வர்ஷாவின் பள்ளியைச் சொல்லும்போது ஒரு கணம் தடுமாறினார்.

“மாதவன், இதில் உனக்கு உறவு உண்டா?”

பட்டியலை மேசைமேல் வைத்தார்.

“உண்டு” என்றார்.

மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் போன பிறகு வைஸ் பிரின்சிபாலால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. டிரஸ்ட் பிரதிநிதி என்னைக் கண்ணால் எரித்துவிட்டுக் கடைசியாக எழுந்தார். முன்சீப் சுற்றிலும் பார்த்து, “எல்லாரும் போயிட்டா நான் யாருகூட முடிவெடுக்கறது? இந்த பிஸ்கட்டோடயா?” என்றார்.

அன்றைய நேர்காணல் ரத்து. வேறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து ஆட்களை வரவழைத்து, பள்ளிப் பெயரை மறைத்து, எல்லோருக்கும் மறுபடி நடத்தினார்கள். அதற்கு உத்தரவு எழுதியவர் மாதவன் சார். டிரஸ்ட் அவரை அதற்காக என்ன பாடு படுத்தியது என்பதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. உதவித்தொகை ஜெபக்கனிக்குக் கிடைத்தது. வர்ஷா பணம் கட்டிச் சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள்.

தம்பி என் வாசலை மிதிக்கவில்லை. என் மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது என்ன அவமானம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சீர்த்தட்டோடு அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட தம்பியை நிறுத்தினோம். ஊரே குசுகுசுத்தது. மணவறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். செய்ததை மாற்றியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

ஆனால் உதவித்தொகை கிடைத்ததோடு முடியவில்லை. சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கியும் ஜெபக்கனி வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன், ரூமை விட்டுட்டு வர மாட்டா” என்று வைஸ் பிரின்சிபால் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு, அந்தப் பெண் கடைசியில் கொழுந்துக்கூடையோடு நின்றுவிடுவாளோ என்ற பயம்.

கடைசி நாள் பிற்பகல் கல்லூரி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கூரைமேல் ஒரு இரும்புக் கட்டில், பாய்ச்சுருள், சாக்கில் கட்டிய பாத்திரம். ஜெபக்கனி குதித்து இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிய அம்மாள் அவளுடைய அம்மா ஞானப்பூ. மலையில் சிக்னல் போய் நான்கு நாளாயிற்றாம். மழை வேறு.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட மாதவன் சார் அறைக்கு அவர்களை அழைத்துப் போனேன். அவர் ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டார். “காலி பண்ணச் சொல்லிட்டாங்களோ? நான் வேணும்னா எஸ்டேட்டுக்கு ஒரு லெட்டர் எழுதட்டே? கொஞ்சம் அவகாசம் தருவாங்க.”

“யாரும் சொல்லல சார்” என்றார் ஞானப்பூ. “அவுக வந்து வெளிய போன்னு சொல்ற வரைக்கும் எதுக்கு உக்காந்திருக்கணும்? நாங்களே வெள்ளையடிச்சு, பெருக்கி, பூட்டி, சாவியக் கொண்டுபோய் ஆபீஸ் மேசைல வச்சுட்டு வந்தோம்.”

“இனி எங்க தங்குவீங்க?”

“இங்க பக்கத்துல கொல்லங்கோட்டுல வாடகைக்கு ஒரு ரூம்பு பாத்தாச்சு. மாந்தோப்புல பழம் அடுக்குற வேலை, உக்காந்து செய்யலாம்.” அந்த அம்மாள் மூச்சு வாங்கினார். பிறகு மகளைக் காட்டினார். “எங்க ஆத்தா அந்த ரூம்புக்காகப் பேர் போட்டா. நான் போட்டேன். இவளும் போட்டா. போதும் சார். இனிமே இவ பேர இவ படிப்புக்குத்தான் போடுவா.”

ஜெபக்கனி பேனாவுக்குக் கை நீட்டினாள். மாதவன் சார் தன்னுடையதைத் திறந்து கொடுத்தார்.